பாயம்மா வீட்டு ஒயர்லெஸ்

வெள்ளை முடி எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்ட நம் செட்டு ஆட்களே, ஒரு நிமிடம் நெட் சுற்றினால் உங்கள் பிள்ளைகளும் வீட்டை இரண்டாக்குகிறார்களா? என் வீட்டில் அதே கதைதான். மோடத்தின் தலையில் ஒரு தட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சொருகல், கடைசியில் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுச் சண்டை. நான் மட்டும் அடுப்படியில் நின்றபடி வாயைத் திறக்க மாட்டேன். நெட் வரவில்லை என்று யார்மேலும் பழி போடக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

லேப்டாப்பில் ஒயர்லெஸ்ஸே இல்லாத காலம் ஒன்று இருந்தது என்றால் என் மகன் சிரிக்கிறான். உங்களுக்குத் தெரியும். நாம் ஃபிளாப்பி டிரைவையும் பார்த்தவர்கள்.

அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வெல்டர். தொட்டி, டேங்க், ஷெட்டுக்கான தூண் என்று அடிக்கும் கம்பெனி. நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து கம்பெனிக்குப் போன முதல் ஆள் அவர்தான். அந்தப் பெருமை அவர் கையில் இருந்தது. எங்கள் வீட்டில் கட்டில் இரும்பு, அலமாரி இரும்பு, தண்ணீர்க் குடம் வைக்கும் ஸ்டாண்டு இரும்பு. நான் உயரம் பத்தாமல் பரணை எட்ட முயன்றதைப் பார்த்து எனக்கென்று ஒரு இரும்பு முக்காலி அடித்துக் கொடுத்தார். அதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அப்பாவுக்குப் பாசம் வந்தால் அது வாயில் வராது, இரும்பில்தான் வரும்.

அந்த வருடம் அக்கா கல்யாணமாகி மஸ்கட் போயிருந்தாள். அக்கா வீட்டுக்காரருக்கு அங்கே ஃபிட்டர் வேலை. போன கொஞ்ச நாளிலேயே அவள் முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பேஜாரு ஒரு பக்கம். அக்கா எதைத் தின்றாலும் வாந்தி எடுக்கிறாள் என்று போனில் கேட்டுவிட்டு, அம்மாவும் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். கார்டு போட்டுப் பேசும் போன் பேச்சு, பேசத் தொடங்கும்போதே முடிந்துவிடும்.

"கொரல் கேட்டுக்கினே இருந்து இன்னா பண்றது? மூஞ்சிய ஒரு தடவ பாத்தா போதும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த வருடம் முழுக்க அவள் கேட்டது அது ஒன்றுதான்.

கம்பெனி ஆபீஸில் புது லேப்டாப்புகள் வந்ததும் பழையவற்றைக் கழித்தார்கள். மேனேஜர் வீட்டு கேட் கீல் உடைந்தபோது அப்பா லீவு நாளில் போய்ச் சரிசெய்து கொடுத்திருந்தார். அந்த நன்றிக்கு ஒரு பழைய லேப்டாப் எங்கள் வீடு வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், அம்மிக்கல் கனம், சூடானால் விசிறி போடும் சத்தத்தில் நாய் எழுந்து போய்விடும். அம்மா அதன் மூடியில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஆனால் அதில் நெட் இல்லை. எங்கள் வீட்டில் லேண்ட்லைனும் இல்லை.

நெட் பாயம்மா வீட்டில் இருந்தது.

பாயம்மா என்றால் அடுத்த வீட்டு அம்மா. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், கொல்லைப்பக்கம் போனால் அதுவே தோளளவுக்கு இறங்கிவிடும். பழவேற்காட்டிலிருந்து வந்தவர்கள். பாயம்மாவின் வீட்டுக்காரரான பாய், பஜாரில் கருவாட்டு மண்டி வைத்திருந்தார். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தால் அந்த வாசனை எங்கள் நடுவீடு வரைக்கும் வரும். மூத்த மகன் துபாயில் இருந்ததால், அவனோடு பேசுவதற்காக வீட்டில் நெட் கனெக்‌ஷனும், கொம்பு வைத்த மோடமும். பாயம்மாவுக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கத்தி முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் எதற்குக் கத்தினோம் என்பதே மறந்துவிடும். அம்மாவுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி அவர்தான். மதியம் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டு பேசுவார்கள். வாசல் வழியாகப் போய் உட்கார்ந்து பேசலாமே என்றால், "இன்னா, பேசவா நிக்கிறோம், துணி எடுக்க வந்தோம்" என்பார்கள்.

அம்மா அழுததைப் பார்த்துப் பாயம்மாதான் முதலில் சொன்னார்: "எங்க ஊட்ல நெட்டு சும்மாதானே கெடக்குது. ஒரு ஒயரு இழுத்துக்க."

அப்பா நீலநிற ஒயரைச் சுவர் மேலாக இழுத்து, கிளிப் அடித்து, ஒழுங்காக வளைத்துக் கொண்டுவந்தார். அடுத்த நாளே பாயம்மாவின் வெள்ளாடு சுவரில் கால்வைத்து ஏறி அதைக் கடித்துத் துப்பிவிட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி கடித்தது. மூன்றாவது முறை இரும்புக் குழாய்க்குள் விட்டு இழுக்கப்போகிறேன் என்று அப்பா அளவெடுக்கத் தொடங்கியபோது, பாயம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாணாம்யா. ஒயர்லெஸ் போட்டுக்கோ. பாஸ்வேர்டு நான் தரேன்."

பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த மாஸ்டரிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் அட்டை சொருகும் ஓட்டை ஒன்று இருந்தது. அதில் சொருகும் ஒயர்லெஸ் அட்டை இப்போது கிடைக்காது என்றார். கடைசியில் சென்னை போனவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஒரு குச்சி வாங்கி வரவைத்தார். சுண்டுவிரல் நீளம், வெள்ளை நிறம், முனையில் ஒரு பச்சை விளக்கு. பின்பக்கம் இருந்த யுஎஸ்பி ஓட்டையில் சொருக வேண்டும். அந்த லேப்டாப்புக்கு எல்லா ஓட்டையும் முதுகில்தான்.

மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் குச்சியைச் சொருகினார். ஏதோ தெரியாத பொருள் வந்திருக்கிறது என்று லேப்டாப் முரண்டு பிடித்தது. பிறகு குச்சியைப் பிடுங்கி, கூடவே வந்த சிடியைப் போட்டு, அது கரகரவென்று சுற்றி முடிக்கும் வரை காப்பி குடித்துவிட்டு, மறுபடி சொருகினார்.

"மொதல்ல சிடி, அப்புறந்தான் குச்சி. மாத்திப் போட்டா ஒத்துக்காது."

பச்சை விளக்கு இமைத்தது. அம்மா அதற்கும் குங்குமம் வைக்க வந்தாள். மாஸ்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். பாயம்மாவின் மகள் வந்து பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுப் போனாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் இரண்டு கையாலும் தட்டுவாள்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. அன்று மதியம் லேப்டாப்பை இரும்புக் கட்டிலின் மேல் வைத்தோம். மாஸ்டரிடமே வாங்கிய கேமரா கண்ணை அலமாரிக் கைப்பிடியில் கட்டினோம். அக்கா முகம் முதலில் கட்டம் கட்டமாக வந்தது, பிறகு கூடியது. கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். அம்மா திரையில் அக்காவின் கன்னம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பாயம்மாதான் கத்தினார்.

"ஏண்டி, இன்னாடி இது, கொக்கு மாரி ஆயிட்ட? புளி கெடைக்குதா அங்க? எலுமிச்சங்கா மோந்து பாரு, வாந்தி நிக்கும்!"

அக்கா அங்கே சிரித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டில் திருவிழா. அக்கா எழுந்து நின்று பக்கவாட்டில் திரும்பி வயிற்றைக் காட்டுவாள். பிள்ளை ஆணா பெண்ணா என்று இந்த இரண்டு பொம்பளைகளும் பந்தயம் கட்டுவார்கள். அம்மா சாப்பிடத் தொடங்கினாள்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் பின்தெருவில் யாரோ பட்டப்பகலில் ஒரு வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாலை அப்பா எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓடு ஒழுகும் இடத்தைப் பார்த்தார். எலி ஓடும் இடத்தைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, இதற்கும் இரும்பில் ஏதோ வரப்போகிறது.

வந்தது ஒரு பெட்டி. கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கனமான தகடுகள். முதுகு, பக்கம், மேல், கீழ் எல்லாம் தகடு. முன்னால் ஒரு கதவு. அதைக் கீழே மடக்கினால் மேஜை மாதிரி நிற்கும், மேலே மூடினால் பூட்டிக்கொள்ளலாம். லேப்டாப்பைப் பெட்டியின் உள்ளே தள்ளி, அதன் மேல் ஒரு பட்டை போட்டு, நட்டை இறுக்கிவிடுவார். திருடன் வந்தால் சுவரோடு பெயர்த்துத்தான் போக வேண்டும். பாயம்மா வீட்டோடு ஒட்டிய அந்தச் சுவரிலேயே, உள்பக்கமாக அதை மாட்டினார். "அங்க இருந்துதானே வருது, கிட்டக்க இருந்தா நல்லா வரும்" என்று எங்களுக்கு விளக்கமும் சொன்னார்.

மாட்டுவதற்கு முன் கடைசி மூலைகளை வீட்டுக் கொல்லையிலேயே பற்றவைக்க வேண்டியிருந்தது. யாரிடமோ வெல்டிங் செட் இரவல் வாங்கி, மீட்டர் போர்டிலிருந்தே லைன் எடுத்தார். அவர் ராடால் தகட்டைத் தொடும்போதெல்லாம் தெரு முழுக்க விளக்கு மங்கி, எடுத்ததும் பளிச்சென்று எரிந்தது. சுட்ட இரும்பும் புகையும் சேர்ந்த அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். நான் கண்ணைப் பொத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பாயம்மா வீட்டு ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு நின்றது. அன்று அவர்கள் வீட்டில் விருந்தாளிகள். இறால் முழுக்க அதற்குள் இருந்தது.

சுவருக்கு மேலே பாயம்மாவின் தலை தெரிந்தது. "இன்னா மனுசன்யா நீ! ஊடே துடிக்குது, கேக்குறதுக்கு ஆளில்லன்னு நெனச்சியா?"

"செத்த நேரம் பொறுத்துக்க முடியாதா? முடிஞ்சிடுச்சு" என்றார் அப்பா, முகமூடியைத் தூக்காமலே.

"ஓசில நெட்டு குடுத்தா, ஊட்டையே கொளுத்துவ போலக்குதே!"

அவ்வளவுதான். அப்பா முகமூடியைத் தூக்கினார். மிச்ச மூலையையும் பற்றவைத்து முடித்தார். ஆனால் ஓசி என்ற சொல் அவர் முகத்திலேயே நின்றது. யாரிடமும் கையேந்தாத ஆள் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்த மனிதர் அவர். விருந்தாளிகள் முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டார்.

பெட்டிக்குச் செங்கல் நிறப் பிரைமர் அடித்துக் காயவைத்து லேப்டாப்பைப் பூட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை கதவை மடக்கி, பட்டனை அழுத்தினோம். ஒயர்லெஸ் பட்டியல் காலியாக இருந்தது. பெட்டியின் அடியாழத்தில், தகட்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நசுங்கிய இடத்தில், குச்சியின் பச்சை விளக்கு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் பிரைமரில் பட்டுப் பட்டு அணைந்தது. அம்மா புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்திட்டாங்க" என்றார் அப்பா.

அம்மா நம்பவில்லை. "அது வாய்தான் அப்பிடி. மனசுல ஒண்ணும் கெடையாது. நான் போய்க் கேட்டுனு வரேன்."

"ஓசி நெட்டுக்கு இன்னொரு தபா போய் நிப்பியா? போனா இந்த ஊட்டுப் பக்கம் வராத."

அப்பா மாஸ்டருக்குப் போன் போட்டார். பெட்டியைப் பற்றி அவர் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. மாஸ்டரும் நேரில் வரவில்லை. "லிஸ்ட்லயே காட்லன்னா அவுங்க ஆஃப் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் சார். இல்ல, பேர மறைச்சி வெச்சிருப்பாங்க." படித்தவர் வாயால் வந்துவிட்டது. அம்மாவுக்கும் அப்போதுதான் மனது விட்டுப்போனது.

மறுநாள் பாயம்மாவின் மகள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். இறால் தொக்கு. "உம்மா குடுக்கச் சொன்னாங்க" என்றாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாத்திரம் ஒருபோதும் காலியாகத் திரும்பியதில்லை. ஒன்றுமே இல்லை என்றால்கூட ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மா தொக்கை வேறு பாத்திரத்தில் மாற்றினாள். கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், துடைத்தாள். சர்க்கரை டப்பாவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கிண்ணத்தை அப்படியே அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு குழாயடியில் ஒரு நாள் அம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டே, "குடுக்கற மாரி குடுத்துட்டு, நேரம் பாத்துப் புடுங்கிக்கினா தெரியும்" என்று பொதுவாகச் சொன்னாள். பாயம்மாவுக்கு என்ன புரிந்ததோ. "யார சொல்றா இவ?" என்று பக்கத்தில் கேட்டார். துணி எடுக்கும் நேரத்தை அம்மா மாற்றிக்கொண்டாள்.

அக்காவைப் பார்க்க ஒரு முறை பஜாரில் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பலகை அடித்த சின்னச் சின்னத் தடுப்புகள், பக்கத்தில் யாரோ துப்பாக்கி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அம்மாவால் அழவும் முடியவில்லை, சத்தமாகப் பேசவும் முடியவில்லை. "நல்லாக்கிறியா, நல்லாக்கிறியா" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு எழுந்துவிட்டாள். மறுபடி வரவே மாட்டேன் என்றாள். அக்காவின் வயிறு பெரிதானதையும் பிள்ளை பிறந்து சிவப்பாகச் சுருண்டு கிடந்ததையும் அம்மா பார்க்கவில்லை. கவரில் போட்டோ வந்தது. அவர்கள் லீவில் வந்தபோது பிள்ளை நடந்தது. அம்மா கையை நீட்டினாள். அது அக்காவின் முந்தானைக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. "புது ஆளுன்னு பயப்படுது" என்று சொல்லி அம்மா சிரித்தாள்.

பாயம்மா குடும்பம் பொன்னேரிக்குக் குடிபோனது. லாரியில் சாமான் ஏறும்போது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். லேப்டாப் கொஞ்ச நாளில் உயிரை விட்டது. பெட்டியை யாராலும் கழற்ற முடியவில்லை, கழற்ற அப்பா விடவும் இல்லை. அம்மா அதில் மிளகாய்த்தூளும் மருந்து மாத்திரையும் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் மின்சார ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பெண் என்னையே பார்த்தாள். பாயம்மாவின் மகள். மடியில் அவள் பிள்ளை தூங்கியது. பாயம்மா இறந்து, அவள் சொல்லில் மவுத்தாகி, ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். எங்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லையாம், தோன்றினாலும் தயக்கமாக இருந்ததாம். பிறகு அவள்தான் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா அக்கா? ஏன் திடீர்னு எங்க நெட்ட எடுக்கறத நிறுத்திட்டீங்க?"

"நாங்களா நிறுத்தினோம்?"

"உம்மா அத அணைக்கவே உடாது. பழவேற்காடு போனாக்கூட மோடத்த எரிய உட்டுட்டுத்தான் வரும். கரண்டு பில்லு ஏறுதுன்னு வாப்பா கத்துவாரு. 'அவ பொண்ணு கடலுக்கு அந்தாண்ட கெடக்குறா, எப்ப கூப்புடுவாளோ, எரியட்டும்'னு சொல்லும். நாங்க ஊடு காலி பண்ற வரைக்கும் அப்பிடித்தான். பாஸ்வேர்டு கூட மாத்த உடல."

பொன்னேரியில் அவள் இறங்கிவிட்டாள். எனக்கு ரயில் சத்தம் ஒன்றும் காதில் விழவில்லை. அணைக்கவில்லை, மாற்றவில்லை என்றால் பிறகு ஏன் வரவில்லை?

நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா போனில் அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா மகன் இப்போது அங்கே காலேஜ் படிக்கிறான். நான் போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். பெட்டிக் கதவை அன்று போலவே கீழே மடக்கினேன். மிளகாய்த்தூள் டப்பாவை ஒதுக்கிவிட்டு, போனை அடியாழத்தில், முதுகுத் தகட்டை ஒட்டி வைத்தேன். சிக்னல் கோடுகள் இறங்கின. அக்காவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது. வெளியே எடுத்தேன். "கேக்குதா? அம்மா, கேக்குதா?" என்றாள் அக்கா. மறுபடி வைத்தேன். மறுபடி நின்றாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் அம்மா.

ரயிலில் கேட்டதைச் சொன்னேன். பாயம்மா இல்லை என்பதையும் சொன்னேன். இரும்புக்குள் ஒயர்லெஸ் நுழையாது என்பதையும் சொன்னேன். அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்போ இது வரைக்கும் வந்துகினுதான் இருந்துச்சா?"

"வந்துகினுதான் இருந்துச்சு."

அம்மா கையை எடுக்கவில்லை. "வெறுங்கிண்ணத்தக் குடுத்து அனுப்பிட்டேனேடி" என்றாள். அழுகை அதன் பிறகுதான் வந்தது. வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள், ஏனென்றால் வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு இப்போது காது மந்தம், ஆனால் அந்தப் பெட்டிக் கதவின் கீல் சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

"பெட்டிய இன்னா பண்றீங்க உள்ள?" என்று குரல் கொடுத்தார். "அதுல கை வெக்காதீங்க. நான் அடிச்சதுலயே அதான் பெஸ்ட்டா வந்தது. இன்னி வரைக்கும் ஒரு வெல்டு உட்டிருக்குதா பாரு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"ஒரு வெல்டுகூட உடல" என்றாள் சத்தமாக, வாசலைப் பார்த்து. "நல்லா கெட்டியாத்தான் இருக்குது."

பிறகு கதவை மேலே தூக்கிப் பெட்டியை மூடினாள்.